கருநிரலில் விழுந்த ஓட்டை



சைக்கிள் டியூபில் முள் குத்தினால் நாம் என்ன செய்கிறோம்? டியூபைத் தண்ணீரில் அமிழ்த்திப் பார்க்கிறோம். குமிழி கிளம்பும் இடத்தில் ஓர் ஒட்டுப் போடுகிறோம். ஒட்டுத் துண்டு சட்டைப் பையிலேயே இருந்தால் காற்று நிற்குமா? நிற்காது. கணினிக்கும் கைத்தொலைபேசிக்கும் இதே கதைதான். அந்த ஒட்டைப் பற்றியே இன்று பேசப் போகிறோம்.

கோலா கெத்தில் பட்டணத்துக் கடைகளில் கணக்கு எழுதுவது கணினி. சுற்றுத் தோட்டங்களில் பிள்ளைகள் பாடம் பார்ப்பதும், பெற்றோர் வங்கிக்குப் பணம் அனுப்புவதும் கைத்தொலைபேசியில். இக்கருவிகள் எல்லாவற்றின் அடியிலும் ஒரு மென்பொருள் ஓயாமல் இயங்கிக்கொண்டிருக்கிறது. அதற்குக் கெர்னல் என்று பெயர். விதைக்குள் இருக்கும் பருப்பு என்பது அச்சொல்லின் பொருள். நாம் அதைக் கருநிரல் என்று சொல்லிக்கொள்வோம்.

தோட்டத்து ஸ்டோரை நினைத்துப் பாருங்கள். உரம், மருந்து, மண்வெட்டி எல்லாம் அங்கே இருக்கும். வேண்டியவர் நேரே உள்ளே போய் எடுக்க முடியாது. சாவி ஸ்டோர் கிராணியிடம் இருக்கும். அவரிடம் கேட்டு, அவர் கொடுத்தால்தான் உண்டு. கணினியில் கருநிரல்தான் அந்தக் கிராணி. எந்தச் செயலியும் நினைவகத்தையோ, கோப்பையோ, இணையத்தையோ நேரே தொட முடியாது; கருநிரலைக் கேட்டே பெற வேண்டும். எல்லாச் சாவியும் அதனிடம் இருப்பதால், ஒரு செயலியில் உள்ள பிழையைக் காட்டிலும் கருநிரலில் உள்ள பிழை பல மடங்கு ஆபத்தானது. ஒரு தொழிலாளியை ஏமாற்றுவதற்கும் கிராணியையே ஏமாற்றுவதற்கும் வேற்றுமை உண்டல்லவா?

உலகம் மறக்க முடியாத ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். விண்டோஸ் கணினிகள் ஒன்றோடொன்று கோப்புகளைப் பகிர்ந்துகொள்ள உதவும் ஒரு பகுதி, கருநிரலின் அதிகாரத்தோடு இயங்குவது. அதில் ஓர் அளவுக் கணக்குப் பிழை இருந்தது. ஓரிடத்தில் பெரிய எண்ணாகக் கொள்ள வேண்டிய அளவு, வேறோரிடத்தில் சிறிய எண்ணாகக் கொள்ளப்பட்டது. ஒரு மங்குக்குள் இரண்டு மங்குப் பாலை ஊற்றினால் மிகுதி வெளியே வழியுமல்லவா? அப்படி வழிந்த தரவு, பக்கத்து நினைவகத்தில் விழுந்தது. அதைப் பயன்படுத்தி, அயலான் ஒருவன் தன் கட்டளையை உள்ளே ஓட்ட வழி பிறந்தது.

2017 மார்ச் 14 ஆம் நாள் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் இதற்கு ஒட்டு வெளியிட்டது. ஏப்ரல் 14 இல், அந்த ஓட்டை வழியே நுழையும் கருவியை ஒரு கும்பல் இணையத்தில் பகிரங்கமாக்கியது. மே 12 இல் வான்னாக்ரை என்னும் புழு கிளம்பியது. யாரும் எதையும் அழுத்த வேண்டியதில்லை. அது ஒரு கணினியிலிருந்து அடுத்ததற்குத் தானே தாவியது. கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறக்க 300 அமெரிக்க வெள்ளி கேட்டது. ஏறத்தாழ 150 நாடுகளில் 2 லட்சத்திற்கும் மேற்பட்ட கணினிகள் பாதிக்கப்பட்டன. இங்கிலாந்தில் சுமார் 19,000 மருத்துவச் சந்திப்புகள் ரத்தாகியிருக்கும் என்று பின்னர் மதிப்பிட்டனர். ஆந்திர மாநிலக் காவல் துறையின் கணினிகள் சிலவும் தப்பவில்லை.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒரு கணக்கு. மார்ச் 14 க்கும் மே 12 க்கும் இடையே 59 நாள்கள். மருந்து 59 நாள் முன்பே கையில் இருந்தது, தடவியவர்கள் தப்பினார்கள்.

அது மட்டுமன்று. மார்கஸ் ஹட்சின்ஸ் என்னும் ஆங்கில இளைஞர், புழு தேடிய ஓர் இணைய முகவரியைத் தம் பெயரில் பதிவு செய்தபோது அதன் வேகம் அடங்கியது. ஆபத்து நீங்கிற்று என்று பலர் எண்ணினர். ஆனால் புழு அடங்கியதே தவிர ஓட்டை அடைபடவில்லை. ஜூன் 27 இல் அதே ஓட்டையையும் பயன்படுத்தி நாட்பெட்யா என்னும் மற்றொன்று வந்தது. அப்போது மும்பை அருகே ஜவஹர்லால் நேரு துறைமுகத்தின் ஒரு முனையத்தில் வேலை நின்றது.

கைத்தொலைபேசிக்கு வருவோம். ஆண்ட்ராய்டு தொலைபேசிகளின் அடியில் இருப்பது லினக்ஸ் என்னும் கருநிரல். அதில் 2007 முதல் கிடந்த ஓர் ஓட்டை 2016 அக்டோபரில்தான் அடைக்கப்பட்டது. டர்ட்டி கௌ என்று அதற்குப் பெயரிட்டனர். அது எப்படிப்பட்டது? செக்ரோல் புத்தகத்தில் யாரும் கிறுக்கக் கூடாது. எழுத வேண்டுமென்றால் ஒரு நகலைத் தருவார்கள் என்று வைத்துக்கொள்வோம். நகலைக் கொடுக்கும் அந்தக் கண்ணிமைப் பொழுதில் இருவர் சேர்ந்து அவசரப்படுத்தினால், எழுத்து மூலப் புத்தகத்திலேயே விழுந்துவிடுகிறது! இதுதான் அந்தப் பிழை. லினக்ஸைப் படைத்த லினஸ் டோர்வால்ட்ஸ், பல ஆண்டுகளுக்கு முன்பே தாம் அதைச் சரிசெய்ய முயன்று முழுமையாகச் செய்ய இயலாமற் போனதை ஒப்புக்கொண்டார். படைத்தவர் கையிலும் பிழை நிற்கும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா? ஒட்டு வந்து ஏறத்தாழ ஓராண்டான பின், 2017 செப்டம்பரில், விளையாட்டு முதலிய வேடத்தில் வந்த தீய செயலிகள் இதே ஓட்டை வழியே தொலைபேசிகளில் புகுந்தது கண்டுபிடிக்கப்பட்டது.

ஒட்டு வெளியாகும்போது ஓட்டை எங்கே என்பதும் வெளியாகிவிடுகிறது. திருடன் அதைப் படித்துப் பார்க்கிறான். ஆகவே ஒட்டு வந்த நாளுக்கும் நாம் அதைப் போடும் நாளுக்கும் இடைப்பட்ட காலமே நமக்குப் பெரிய ஆபத்துக் காலம்.

‘ஒட்டே கெடுதல் செய்தால்?’ என்று சிலர் கேட்பது நியாயமே. 2024 ஜூலை 19 இல் கிரவுட்ஸ்டிரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான புதுப்பிப்பு ஒன்று, கருநிரலோடு ஒட்டி இயங்கியதால், சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியது. ஏர் ஏசியா பயணிகளுக்குக் கையாலேயே பதிவு செய்ய வேண்டியதாயிற்று. இதிலிருந்து நாம் கற்பது, ஒட்டே வேண்டாம் என்பதன்று. முக்கியக் கோப்புகளுக்கு முதலில் வேறோரிடத்தில் நகல் வைக்க வேண்டும். பல கணினிகள் உள்ள இடத்தில் ஒன்றில் போட்டுப் பார்த்துவிட்டு மற்றவற்றில் போட வேண்டும்.

வீட்டில் செய்ய வேண்டியவை எளியவை. புதுப்பிப்பு வந்திருக்கிறது என்று திரை சொன்னால் ‘பிறகு’ என்று தள்ளாதீர்கள். கருநிரல் ஓடிக்கொண்டிருக்கும்போது அதை மாற்றுவது கடினம். அதனால்தான் கருவியை அணைத்து மீண்டும் இயக்கச் சொல்கிறது. இரவு படுக்கப் போகும்முன் அதைச் செய்துவிடலாம்.

இன்னொன்று. அண்ணனின் பழைய தொலைபேசி தம்பிக்குப் போவது நம் வீடுகளில் வழக்கம். சிக்கனம் நல்லதே. ஆனால் தயாரிப்பாளர்கள் குறிப்பிட்ட ஆண்டுகளுக்குப் பின் ஒட்டு அனுப்புவதை நிறுத்திவிடுகிறார்கள். விண்டோஸ் 10 க்கும் 2025 அக்டோபர் 14 ஆம் நாளோடு வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. தொலைபேசியின் அமைப்புகளில் கடைசிப் பாதுகாப்புப் புதுப்பிப்பின் தேதி இருக்கும், பாருங்கள். அது மிகப் பழையதாக இருந்து, புதியது வருவதும் நின்றிருந்தால், தம்பி அதில் பாடம் பார்க்கட்டும். அப்பாவின் வங்கிக் கணக்கை மட்டும் அதில் வைக்க வேண்டாம். வேறெங்கிருந்தோ கிடைக்கும் செயலிகளையும் அதில் ஏற்ற வேண்டாம். ஏமாந்துவிட்டால், சைபர்செக்யூரிட்டி மலேசியாவின் சைபர்999 உதவி மையத்தில் முறையிடலாம்.

மழை வருமுன் கூரை வேய்பவன் நனைவதில்லை. மனிதன் எழுதும் நிரலில் ஓட்டை விழாமல் இருக்கப் போவதில்லை. அதை அடைப்பவர்கள் எங்கோ இருந்து தங்கள் வேலையைச் செய்து அனுப்புகிறார்கள். வந்த ஒட்டை எடுத்துப் போடுவது நம் வேலை. இன்றிரவே உங்கள் கைத்தொலைபேசியைப் பாருங்கள்.