பலிபீடமும் மனச்சாட்சியும் – 9: துலுக்கும் வரை காத்திருத்தல்

காவிரியின் வடகரையில், அக்கரை வாங்கலைப் பார்த்தபடி அமைந்திருக்கும் மோகனூர், வழிபாட்டின் பல படிகளையும் ஒரே ஊருக்குள் அருகருகே வைத்துக் காட்டும் ஸ்தலமாகும். அசலதீபேஸ்வரருக்கு வில்வமும், கல்யாணப் பிரசன்ன வெங்கடரமணப் பெருமாளுக்குத் துளசியும், காந்தமலை பாலசுப்பிரமணியருக்குப் பாலும் பஞ்சாமிர்தமும் சமர்ப்பிக்கப்படும் இதே ஊரில், நாவல் மரத்தடியில் கோயில் கொண்ட நாவலடிக் கருப்பண்ண சாமிக்குக் கிடாய் வெட்டி நேர்த்திக்கடன் தீர்க்கிறார்கள். மலையேறி முருகனைத் தரிசித்த குடும்பமே கருப்பனின் சந்நிதியில் ஆட்டோடு வந்து நிற்பதும் உண்டு; அதனை முரண்பாடு என்று எவரும் கருதுவதில்லை. இரண்டு சந்நிதிகளுக்கும் நடுவே ஒரு கோட்டைக் கிழித்து, இப்பக்கம் உயர்ந்த பக்தி, அப்பக்கம் தாழ்ந்த பக்தி என்று பிரித்தவர்கள் படித்தவர்களே. அந்தக் கோடு நியாயமானதுதானா என்பதே இவ்வார விசாரணை.

கொங்கு நாட்டுக் கிடாவெட்டில் அனைவரும் மூச்சடக்கி நிற்கும் தருணம் கத்தி விழும் தருணமன்று, அதற்கு முந்தையது. கிடாயின் தலையிலும் முதுகிலும் மஞ்சள் கலந்த தீர்த்தத்தை ஊற்றிவிட்டுப் பூசாரி ஒதுங்கிக்கொள்ள, பங்காளிகள் கைகூப்பியபடி அதன் உடலையே உற்று நோக்கி நிற்பார்கள். ஆடு உடம்பைச் சிலிர்த்து உதறினால், அதாவது துலுக்கினால், சாமி உத்தரவு கொடுத்துவிட்டதாகக் கொள்வார்கள். துலுக்காத ஆட்டின்மேல் கத்தி படலாகாது. சில வேளை இந்தக் காத்திருப்பு நீண்டுவிடும். மறுபடியும் தண்ணீர் ஊற்றுவார்கள். எந்த வேண்டுதல் பாக்கி, எந்தப் பங்காளியோடு பேச்சுவார்த்தை இல்லை, யார் மனம் நோக யார் நடந்துகொண்டார் என்று ஒருவரையொருவர் வினவுவார்கள். "ஏதாச்சும் குறை இருந்தாப் பொறுத்து ஏத்துக்கோ சாமி" என்று வயதில் மூத்தவர் ஒருவர் குரல் தழுதழுக்க இறைஞ்சுவார்.

ஈரம் பட்ட ஆடு உடம்பை உதறுவது இயற்கை என்பதை, ஆடு வளர்த்தே பிழைக்கும் குடியானவர் அறியாதவரல்லர். அறிந்திருந்தும் அவர் காத்திருக்கிறார். கொல்லத் துணிந்தவன், கொல்லப்படப்போகும் ஜீவனின் சம்மதத்தை நாட வேண்டிய அவசியம் என்ன? தெய்வத்தின் பெயரால் செய்தாலும் இது ஒரு கொலை என்பதை அவன் நெஞ்சு அறியும். அந்த அறிவின் பாரத்தைத் தனியே சுமக்க அஞ்சியே அதில் ஒரு பங்கைத் தெய்வத்துக்கும், இன்னொரு பங்கை ஆட்டுக்கும் கொடுக்கிறான் என்றே நான் கருதுகிறேன்.

இந்த அச்சம் நாட்டுப்புறத்தாருக்கு மட்டும் உரியதன்று. பண்டைய கிரேக்கர்களும் பலிப்பிராணியின் தலையில் நீர் தெளித்து, அது தலையசைப்பதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டார்கள். அசுவமேதத்துக்குரிய ரிக்வேத சூக்தம், வெட்டப்படும் குதிரையை நோக்கி, நீ உண்மையில் சாகவில்லை, சுகமான வழிகளில் தேவர்களிடமே போகிறாய் என்று தேற்றுகிறது. மரணமே இல்லையெனில் தேறுதல் எதற்கு? சிரௌத யாகத்திலோ பசுவை, அதாவது பலிப்பிராணியை, வேதிக்குப் புறத்தே கொண்டுபோய், குருதி சிந்தாமல் மூச்சை அடக்கி மாய்ப்பார்கள். அது மாயும்போது ரித்விக்குகளாகிய புரோகிதர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும் என்பது விதி. மோகனூர்ப் பங்காளிகள் ஆட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். வேத விதியில் வல்லார் பாராமல் நிற்கிறார்கள். இரு திறத்தாரையும் வருத்துவது ஒரே சங்கடம்தான்.

சாஸ்திரங்கள் இச்சங்கடத்தைத் தீர்த்தனவா என்றால், அதனை ஏட்டில் எழுதி வைத்தன என்றே சொல்ல வேண்டும். யக்ஞத்துக்காகவே பிராணிகள் படைக்கப்பட்டன, ஆகவே யக்ஞத்தில் செய்யும் வதம் வதமன்று என்று விதிக்கும் மனுஸ்மிருதியின் ஐந்தாம் அத்தியாயமே, சில சுலோகங்கள் கடந்ததும், உயிர்களை இம்சிக்காமல் மாமிசம் கிடைப்பதில்லை, இம்சையோ சுவர்க்கத்துக்கு ஆகாது என்றும் உரைக்கிறது. வைதிகக் கிரியை பரிசுத்தமானதன்று என்று ஈசுவரகிருஷ்ணரின் சாங்கிய காரிகை ஒளிக்காமல் கூறிற்று. பசுவதையே அதற்குக் காரணம் என்று உரைகாரர்கள் விளக்கினர். மகாபாரதத்திலோ, பந்துக்களைக் கொன்ற பாவம் தீர யுதிஷ்டிரன் அசுவமேதம் செய்கிறான். கொலைக்குப் பரிகாரமாகப் பின்னும் கொலை. அந்த யாகம் முடிந்த இடத்தில்தான் பாதி உடம்பு பொன்னான கீரி ஒன்று தோன்றி, பட்டினியிலும் தன் மாவை அதிதிக்கு ஈந்த ஓர் ஏழைப் பிராமணனின் தானத்துக்கு இது ஈடாகாது என்று சபை நடுவே சொல்லிப் போகிறது. யாகத்தைப் பாடிய இதிகாசமே அதன்மேல் தீர்ப்பையும் எழுதிவிட்டது.

தமிழில் இவ்விஷயத்தை அடி ஆழம் வரை சென்று பார்த்தவர்கள் சமணர்கள். ஐஞ்சிறுகாப்பியங்களுள் ஒன்றான யசோதர காவியத்தில், தீய சகுனம் நீங்கச் சண்டமாரி தேவிக்கு உயிர்ப்பலி இடுமாறு தாய் வற்புறுத்த, கொல்ல மனமில்லாத மன்னன் யசோதரன், மாவினால் கோழி ஒன்றைச் செய்து அதனை வெட்டிப் பலி கொடுக்கிறான். தாயின் சொல்லும் காக்கப்பட்டது, உயிர்க்கொலையும் நேரவில்லை என்று நாமானால் திருப்தியடைந்திருப்போம். காவியமோ அவனை விடவில்லை. தாயும் மகனும் மயிலும் நாயுமாகத் தொடங்கி, ஆடாகவும் எருமையாகவும் கோழியாகவும் பிறந்து பிறந்து பிறர் கையில் மடிகிறார்கள். மாவுதானே என்ற சமாதானம் அங்கே செல்லாது. வெட்டும்போது கோழி என்று எண்ணியே வெட்டினான், அந்த எண்ணத்துக்கு விளைவு உண்டு. பிற்காலத்தில் மத்வரைப் பின்பற்றியோர் யாகத்தில் மாவினால் செய்த பசுவை ஏற்றார்கள். இன்றோ புதிய லாரிக்கும் புது வீட்டுக்கும் பூசணிக்காயைப் பிளந்து, உள்ளே குங்குமத்தைக் குழைத்து, தெருவில் சிவப்பாகச் சிதறும்படி உடைக்கிறோம். சைவ உணவினர் வீட்டு வாசலிலும் அந்தச் சிவப்பு எதற்கு வேண்டியிருக்கிறது? யசோதரனின் வினா நம் எல்லார் வாசலிலும் கிடக்கிறது.

கொல்லாமையைத் திருமந்திரத்தில் ஓதும் நம் சைவமும் இதற்கு விலக்கன்று. காந்தமலையில் இன்று பால் கொள்ளும் முருகன், திருமுருகாற்றுப்படையில் ஆட்டுக்கிடாயின் குருதி கலந்த அரிசியைப் பலியாகப் பெறுகிறான்; அந்நூல் பதினோராந் திருமுறையில் சேர்ந்து, புலால் உண்ணாதார் பூஜையறைகளில் இன்றும் பாராயணம் செய்யப்படுகிறது. பிள்ளையை அரிந்து கறி சமைத்த சிறுத்தொண்டரை நாயன்மாராகப் போற்றுகிறோம்; பிள்ளை மீண்டு வந்தான் என்ற முடிவு இருப்பதனாலேயே அந்தக் கதையை நம்மால் தாங்க முடிகிறது. நாமக்கல் குடைவரையில் இரணியனின் வயிற்றைக் கிழிக்கும் நரசிம்மரைப் பக்திப் பரவசத்தோடு கும்பிட்டுவிட்டு, கருப்பன் கோயில் குருதியைக் கண்டு முகம் சுளிப்பவர்கள் இவற்றைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும். தர்மம் ஓங்கி நின்ற அசோகன்கூட, உயிர்ப்பலியை விலக்கிய தன் முதலாவது பாறைச் சாசனத்திலேயே, அரண்மனை மடைப்பள்ளியில் இரண்டு மயில்களும் ஒரு மானும் இன்னும் கொல்லப்படுவதை மறைக்காமல் பொறித்தான். அந்த நேர்மை நமக்கு வேண்டும்.

நம் சட்டங்களுக்கு அந்த நேர்மை வாய்க்கவில்லை. 1950-இல் சென்னை ராஜ்யத்தில் இயற்றப்பட்ட விலங்குகள் பறவைகள் பலித் தடைச் சட்டம், கோயில்களிலும் அவற்றின் சுற்றுப்புறத்திலும் பலியிடுவதைக் குற்றமாக்கியது. ருக்மிணி தேவி அருண்டேல் நாடாளுமன்றத்தில் கிளப்பிய முயற்சியின் பயனாக 1960-இல் பிறந்த மிருகவதைத் தடுப்புச் சட்டமோ, ஒரு சமூகத்தின் மதம் வேண்டும் முறையில் கொல்வது குற்றமாகாது என்று தன் 28-ஆம் பிரிவில் விதிவிலக்கு அளித்தது. அரை நூற்றாண்டாகப் பெரும்பாலும் ஏட்டளவில் கிடந்த மாகாணச் சட்டத்தை 2003-இல் அரசு திடீரென அமலாக்க முற்பட, கிராமங்கள் கொந்தளித்தன. 2004-இல் சட்டமே ரத்தாயிற்று. குலதெய்வத்தின் வாசலில் வெட்டினால் குற்றம், அதே ஆட்டைச் சந்தைப்பேட்டைக் கறிக்கடையில் வெட்டினால் வியாபாரம் என்றால், அந்தச் சட்டம் காத்தது ஆட்டையன்று, படித்தவர்களின் கண்களை மட்டுமே. நாள்தோறும் கோடிக்கணக்கில் முட்டையை வெளியூர்களுக்கு அனுப்பும் நாமக்கல் வட்டாரத்தில், கம்பிக்கூண்டில் ஆயுளைக் கழிக்கும் கோழிக்காக எந்தத் தண்ணீரும் ஊற்றப்படுவதில்லை, எவரும் உத்தரவுக்குக் காத்திருப்பதுமில்லை.

ஆகவே பலி தொடரட்டும் என்று நான் சொல்லவில்லை. அது நிற்க வேண்டும். 1930-இல் ராஜாஜியின் உப்புப் படை திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தபோது பாடிச் சென்ற பாட்டு, வாளும் குருதியும் இல்லாத ஒரு யுத்தத்தைப் பற்றியது. அதை இயற்றிய நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை 1888-இல் பிறந்தது இந்த மோகனூரிலேதான். அவர் குருவாகக் கொண்ட காந்தியடிகள், கல்கத்தாவின் காளி கோயிலில் ஆடுகள் பலியிடக் கொண்டுபோகப்படுவதைக் கண்டு நொந்தவர். ஓர் ஆட்டின் உயிர் மனித உயிரைவிட எவ்வகையிலும் மலிவானதன்று என்று தம் சுயசரிதையில் எழுதியவர். பலியாக நடத்திச் செல்லப்படும் ஆட்டையும் கோழியையும் கண்டு உள்ளம் நடுங்கியதாக வடலூர் வள்ளலார் இறைவனிடமே முறையிட்டார். இவர்கள் யாரும் ஏழையின் சாமியை இழிவு செய்து, தம் சாமியை உயர்த்தவில்லை. தம் நெஞ்சு பட்ட பாட்டைச் சொன்னார்கள், அவ்வளவே. போலீஸார் செய்ய முடியாததை அந்தக் குரல் செய்யக்கூடும்.

நோம்பிக்கு, அதாவது கோயில் திருவிழாவுக்கு, முன் வரி வசூலிக்கவும் கிடாய் பேசவும் பங்காளிகள் ஒரு நாள் கூடுவீர்கள். அந்தக் கூட்டத்தில் மூத்தவர்களின் முன்னிலையில், பணிவோடு, இந்தத் தடவை நம் கருப்பனுக்குப் பொங்கலே போதுமா என்ற கேள்வியை யாராவது ஒருவர் எழுப்புங்கள். யாகசாலைக்குப் பொருள் கொடுப்பவர்களும், பூசணிக்காய் உடைப்பவர்களும், முட்டையைச் சைவம் என்று சாதிப்பவர்களும் தத்தம் வீட்டில் இதே கேள்வியைக் கேட்டுக்கொண்ட பின்னரே கருப்பன் கோயிலைப் பற்றிப் பேச வாருங்கள்.

(தொடரும்)