‘இந்திய டெமாஸ்தனிஸ்’: ஒரு பட்டப்பெயரின் கதை

மீஞ்சூர் கடைத்தெருவில் கட்சிக் கூட்டம் நடந்தால், பேச வருபவரின் பெயருக்கு முன்னால் இரண்டு பட்டமாவது இருக்கும். பழைய காங்கிரஸ் காலத்திலும் இதே கதைதான். வங்காளத்துச் சுரேந்திரநாத் பானர்ஜிக்கு (1848–1925) அப்படிக் கிடைத்த பட்டம் ‘இந்திய டெமாஸ்தனிஸ்’.

யார் அந்த டெமாஸ்தனிஸ்? கி.மு. 384இல் பிறந்த ஏதென்ஸ் அரசியல்வாதி. மாசிடோனிய மன்னன் பிலிப்பை எதிர்த்துப் பேசியே பேர் வாங்கியவர். பேச்சில் இருந்த திக்கலை, வாயில் கூழாங்கல்லைப் போட்டுப் பேசிப் பழகிச் சரிசெய்தார் என்று புளூட்டார்க் எழுதுகிறார். கடற்கரையில் அலைச் சத்தத்தோடு போட்டி போட்டும் பேசுவாராம். (எண்ணூர் கரையில் முயன்று பாருங்கள், கஷ்டம் புரியும்!)

ஆக, நல்லாப் பேசுவார் என்பதற்காக வைத்த பெயர். அவ்வளவுதானா? எனக்கு வேறொரு பொருத்தம் தெரிகிறது. இரண்டு பேரையும் மேடைக்குத் தள்ளியது சொந்த இழப்பு.

டெமாஸ்தனிஸுக்கு ஏழு வயதில் அப்பா இறந்துபோனார். சொத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர்களே அதைச் சுருட்டிவிட்டார்கள். வளர்ந்ததும் அவர்கள்மேல் வழக்குப் போட்டு, தானே வாதாடினார். சுரேந்திரநாத் 1869இல் ஐ.சி.எஸ். தேறியவர். 1874இல் வேலையை விட்டு நீக்கினார்கள். லண்டன் போய் முறையிட்டும் பலனில்லை, பாரிஸ்டர் ஆகவும் விடவில்லை. திரும்பி வந்து 1876இல் இந்தியச் சங்கம் தொடங்கினார். ஐ.சி.எஸ். தேர்வு வயது வரம்பை 21இலிருந்து 19ஆகக் குறைத்தபோது, அதை எதிர்த்து ஊர் ஊராகப் போய்ப் பேசினார். தனக்கு மூடிய கதவு அடுத்த தலைமுறைக்கும் மூடக்கூடாதுன்னுதானே?

முடிவில்தான் இருவரும் பிரிகிறார்கள். மாசிடோனியப் படையாட்கள் பிடிக்க வந்தபோது, கி.மு. 322இல், டெமாஸ்தனிஸ் விஷம் குடித்து இறந்தார். ‘சரண்டர் நாட்’ என்றும் பெயரெடுத்த சுரேந்திரநாத், 1921இல் ஆங்கில அரசின் ‘சர்’ பட்டத்தை ஏற்று வங்காளத்தில் அமைச்சரானார். 1923 தேர்தலில் மக்கள் அவரைத் தோற்கடித்தார்கள்.

இதை வைத்து மட்டும் அவரைத் துரோகி என்று சொல்வது நியாயமில்லை. கல்கத்தா மாநகராட்சியில் மக்கள் பிரதிநிதிகளுக்குப் பெரும் அதிகாரம் தந்த 1923 சட்டம் அமைச்சராக அவர் கொண்டுவந்ததுதான். எதிர்த்து நின்று சாதிப்பது ஒரு வழி, உள்ளே போய் முடிந்ததைச் செய்வது இன்னொரு வழி. அவர் இரண்டையும் செய்து பார்த்தார்.

டெமாஸ்தனிஸ் என்ற பெயர் இதில் முதல் பாதிக்குத்தான் பொருந்தும். மறுபாதிக்கு அவரை சுரேந்திரநாத் என்றே கூப்பிடலாம்.