வீட்டுத் தொட்டியில் ஒரே ஒரு கஞ்சா செடி... அதுவும் குற்றமா? சட்டம் என்ன சொல்கிறது?

நெய்வேலி டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸைச் சுற்றிக் கொஞ்சம் இடம் கிடைத்தால் போதும், மா, பலா, முருங்கை என்று ஏதாவது ஒன்று நிற்கும். அதில் எதை வைத்தாலும் யாரும் கேட்கப்போவதில்லை, ஒரு செடியைத் தவிர. ‘வித்தாத்தானே தப்பு, நமக்கு மட்டும் தொட்டியில ஒண்ணு வச்சா என்ன?’ என்ற சந்தேகம் இளைஞர்கள் பலருக்கு இருக்கிறது. பதில்: அதுவும் குற்றம்தான்.

எத்தனை செடி வரை ஓகே?

ஒன்றுகூட இல்லை. 1985-ம் ஆண்டு என்.டி.பி.எஸ். சட்டத்தின் 8-வது பிரிவு கஞ்சா செடி வளர்ப்பதையே தடை செய்கிறது. மீறினால் 20-வது பிரிவின்படி 10 ஆண்டு வரை கடுங்காவல், 1 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

பலர் தப்புக் கணக்கு போடுவது இங்கேதான். கஞ்சா வைத்திருந்தால் எடையைப் பார்த்துத்தான் தண்டனை. 1 கிலோ வரை ‘சிறிய அளவு’. அதிகபட்சம் 1 ஆண்டு சிறை. 20 கிலோவைத் தாண்டினால் ‘வணிக அளவு’. குறைந்தபட்சமே 10 ஆண்டு. செடிக்கு இப்படி எந்தப் படிநிலையும் கிடையாது. அதாவது, பொட்டலத்தோடு சிக்குபவரைவிட தொட்டி வைத்தவருக்குப் பல மடங்கு தண்டனை கிடைக்கலாம்.

பூவை வெட்டி எடுத்தால்?

சட்டப்படி ‘கஞ்சா’ என்பது செடியின் பூக்கும், காய்க்கும் நுனிப்பகுதி. நுனி இல்லாத தனி இலையும் விதையும் இந்த வரையறைக்குள் வராது. வட மாநிலங்களில் பாங் விற்கப்படுவதற்கு வழிவிட்டது இதுதான். அதற்காக, ‘இலைக்குத்தான் வளர்த்தேன்’ என்று தப்பிக்க முடியாது, தடை செடிக்கே. நுனியைச் செடியிலிருந்து பிரிப்பதைச் சட்டம் ‘உற்பத்தி’ என்கிறது. அது தனிக் குற்றம்.

பையன் வளர்த்தால் அப்பா மாட்டுவாரா?

வீட்டைப் பொறுப்பில் வைத்திருப்பவர் தெரிந்தே அனுமதித்தால், 25-வது பிரிவின்படி அவருக்கும் அதே தண்டனை. சொந்த வீடா, குவார்ட்டர்ஸா என்ற வித்தியாசம் இல்லை. சொந்த நிலத்தில் யாரோ வளர்ப்பது தெரியவந்தால் உடனே போலீஸிடம் சொல்ல வேண்டும் என்கிறது 46-வது பிரிவு.

வெளிநாட்டில் விடுறாங்களே?

கனடாவில் 2018 முதல் பெரும்பாலான மாகாணங்களில் வீட்டுக்கு 4 செடி. ஜெர்மனியில் 2024 ஏப்ரல் முதல் வயது வந்த ஒருவருக்கு 3 செடி. இந்தியாவில் உத்தரகாண்ட், போதைத்தன்மை மிகக் குறைந்த செடியை நாருக்காக வளர்க்க லைசென்ஸ் தருகிறது. அது தொழிலுக்கு, வீட்டுத் தொட்டிக்கு அல்ல.

பழக்கத்திலிருந்து வெளியே வர நினைப்பவர்களுக்கு ஒரு வழி உண்டு. பயன்படுத்திய வழக்கிலோ, சிறிய அளவு வழக்கிலோ சிக்கிய அடிமையாளர் தானாக முன்வந்து சிகிச்சை எடுத்தால், 64ஏ பிரிவு வழக்கிலிருந்து பாதுகாப்பு தருகிறது. அந்தப் பிரிவில் செடி வளர்ப்பு பற்றிய பேச்சே இல்லை. உதவிக்கு மத்திய அரசின் போதை மீட்பு ஹெல்ப்லைன்: 14446.