தோசர் ஊரின் தண்ணீர்க் கணக்கு

வட ஆப்பிரிக்கா என்றவுடன் மணலும் ஒட்டகமும் அன்றி வேறொன்றும் நம்மவர் நினைவுக்கு வருவதில்லை. பிரமிடுகளைக் காண எகிப்து செல்வோர் சிலர் உண்டு. அதற்கு மேற்கே கிடக்கும் நாடுகளைப் பற்றி நம் வீடுகளில் பேச்சே எழுவதில்லை. அந்நாடுகளுள் பரப்பில் மிகச் சிறியது துனீசியா. அதன் தென்மேற்கு மூலையில், அல்ஜீரிய எல்லைக்கு அருகே, சகாராப் பாலைவனத்தின் வாயிற்படியில் தோசர் என்னும் சிறு நகரம் இருக்கின்றது. அங்கே சில நாட்கள் தங்கிவரும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. பார்க்கத்தக்க காட்சிகள் அவ்வூரில் பல. ஆயினும் நம் மனத்தில் ஆழப் பதிந்தது ஒன்றே. ஆண்டு முழுவதும் சுமார் 100 மில்லிமீட்டர் மழைகூடப் பெய்யாத இடத்தில், ஆயிரம் ஆண்டுகளாகத் தண்ணீரைச் சண்டையின்றிப் பங்கிட்டுக் கொள்ள அம்மக்கள் கண்ட வழிதான் அது. அதனை நம் குடும்பத்தினர் அறிய வேண்டும் என்னும் ஆவலால் இக்கட்டுரையை எழுதுகிறோம்.

போகும் வழி

தலைநகராகிய தூனிஸிலிருந்து தோசர் ஏறக்குறைய 450 கிலோமீட்டர். இருப்புப் பாதை உண்டு. தூனிஸிலிருந்து தெற்கே செல்லும் பாதை மீட்டர் கேஜ் பாதை. சிறு வயதில் மயிலாடுதுறை, தஞ்சை மார்க்கத்தில் மீட்டர் கேஜ் வண்டியில் ஊருக்குப் போய் வந்தவர்களுக்கு அந்தத் தண்டவாளத்தைக் கண்டால் பழைய உறவினரைக் கண்டது போன்ற மகிழ்ச்சி உண்டாகும். கஃப்ஸா வட்டாரத்தில் 1885-இல் பாஸ்பேட் கனி கண்டுபிடிக்கப்பட்டது. அதனைத் துறைமுகத்துக்குக் கொண்டு செல்லவே 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தென்பகுதியில் இருப்புப் பாதை இடப்பட்டது. இன்றும் அப்பாதையில் சரக்குக்கே முதலிடம். பயணி வண்டியை மட்டும் நம்பித் தோசருக்குப் புறப்படுவது உசிதமன்று.

ஆகவே அந்நாட்டார் 'லுவாஜ்' என்று அழைக்கும் பங்கு வாடகை வண்டியில் ஏறினோம். எட்டுப் பேர் சேர்ந்தவுடன் வண்டி புறப்படும். ஏழு பேர் இருந்தால் எட்டாமவர் வரும் வரையில் காத்திருக்க வேண்டியதுதான். தொலைவூர் செல்லும் வண்டிக்குச் சிவப்புக் கோடு, அண்டை மாவட்டம் செல்வதற்கு நீலக் கோடு, உள்ளூருக்கு மஞ்சள் கோடு. எழுத்தறியாதவரும் நிறத்தைக் கண்டு ஏறலாம். கால அட்டவணையே வாழ்க்கையாகிவிட்ட நமக்கு, அட்டவணை இல்லாமலேயே ஒரு நாட்டின் போக்குவரத்து ஒழுங்காக நடப்பது வியப்பாகவே இருந்தது. அரபும் பிரெஞ்சும் அறியாதவர்கள் சைகையாலும் புன்னகையாலும் சமாளிக்கலாம். இந்தியர் என்று தெரிந்ததும் உடன் வந்தோர் ரொட்டியையும் பேரீச்சம் பழத்தையும் நீட்டினர்.

வழியில் முதலில் ஒலிவத் தோப்புகள். பிறகு புல்வெளி. கஃப்ஸாவைக் கடந்தபின் அதுவும் இல்லை. மண்ணும் கல்லும் மட்டுமே. இனி எங்கே ஊர் என்று ஐயம் தோன்றும் வேளையில், அடிவானத்தில் மை தீட்டியது போன்ற கரும்பச்சைக் கோடு ஒன்று தெரிகின்றது. அதுதான் தோசரின் பேரீச்சஞ்சோலை. அதற்கப்பால் 'ஷத் அல் ஜரீத்' என்னும் உப்பு ஏரி சுமார் 5,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் வெள்ளை வெளேரென்று கிடக்கின்றது. கோடையில் அதில் நீர் இராது. உப்புப் படலத்தின்மேல் கானல் மட்டும் அலையடிக்கும். 'ஜரீத்' என்ற சொல்லுக்குப் பேரீச்ச மட்டை என்று பொருள். அந்த வட்டாரம் முழுமைக்குமே அதுதான் பெயர்.

செங்கல்லில் இட்ட கோலம்

ஊரின் பழைய பகுதிக்கு 'உலத் அல் ஹதஃப்' என்று பெயர். 14-ஆம் நூற்றாண்டில் அமைந்தது. அங்குள்ள வீடுகளின் வெளிச்சுவர்கள் காண்பதற்கு அரியவை. களிமண்ணும் மணலும் பிசைந்து கையால் அறுத்துச் சூளையில் சுட்ட சிறிய, வெளிர்மஞ்சள் நிறச் செங்கற்கள். அவற்றில் சிலவற்றைச் சற்று முன்னே நீட்டியும் சிலவற்றை உள்ளே இழுத்தும் வைத்துச் சதுரமும் முக்கோணமும் நட்சத்திரமுமாகச் சுவரெங்கும் கோலமிட்டிருக்கிறார்கள். நம் வீட்டு வாசலில் மாவால் இடுவதை அவர்கள் சுவரிலே செங்கல்லால் நிலையாக இட்டுவிட்டார்கள் என்றே சொல்லத் தோன்றியது. இது அழகுக்கு மட்டுமன்று. நீட்டிய கல்லின் நிழல் கீழே உள்ள கல்லின்மேல் விழுவதால் சுவரில் வெயில் முழுதும் படிவதில்லை. சந்துகள் குறுகலானவை, சிலவற்றின்மேல் வீடுகளே கூரையாக நிற்கின்றன. நடுப்பகலிலும் அங்கே நடக்கலாம்.

ஒரு கலயமும் ஒரு துளையும்

தோசருக்கு உயிர் கொடுத்தவை ஊற்றுகள். ஊருக்கு அருகே ஒரு பள்ளத்தில் ஏறக்குறைய 200 ஊற்றுகள் இருந்ததாகக் கூறுவர். அவை ஒன்றுகூடி ஆறாக ஓடிச் சோலைக்குள் புகுந்தன. ரோமர் காலத்திலேயே 'துசுரோஸ்' என்ற பெயரில் இவ்வூர் இருந்தது.

ஸ்பெயின் நாட்டுக் கார்டோபாவில் வாழ்ந்த அல் பக்ரி என்னும் அரபுப் புவியியலறிஞர் 1068-இல் எழுதிய நூலில் தோசரின் பாசனத்தைக் குறித்திருக்கிறார். அவர் நேரில் வந்தவரல்லர். வந்து சென்றோர் கூறியவற்றைத் தொகுத்தவர். ஊற்றுநீர் மூன்று ஆறுகளாகப் பிரிகின்றது. ஒவ்வோர் ஆறும் ஆறு கிளையாகின்றது. அவற்றிலிருந்து ஒரே அளவாகக் கல்லால் கட்டிய வாய்க்கால்கள் செல்கின்றன என்பது அவர் தரும் விவரம். அநேகமாக நாள்தோறும் ஆயிரம் ஒட்டகச் சுமைப் பேரீச்சம் பழம் இவ்வூரிலிருந்து வெளியேறியதாகவும் எழுதியிருக்கிறார்.

இடத்தால் பங்கிட்ட தண்ணீரை நேரத்தாலும் பங்கிட வேண்டுமல்லவா? கடிகாரம் இல்லாத அக்காலத்தில் அதற்குக் 'கதூஸ்' என்னும் கலயத்தைப் பயன்படுத்தினர். அடியில் சிறு துளையிட்ட கலயம் அது. நீர் நிரப்பித் தொங்கவிட்டால் துளை வழியே வடியும். வடிந்து முடியும் வரை ஒருவர் தம் தோட்டத்துக்கு நீர் பாய்ச்சலாம். மீண்டும் நிரப்பினால் மீண்டும் ஒரு கதூஸ். ஒரு பகலும் ஓர் இரவும் சேர்ந்தால் 192 கதூஸ் என்பது பக்ரி தரும் கணக்கு. வகுத்துப் பார்த்தால் ஒரு கதூஸ் ஏழரை நிமிடம். நம் நாழிகை 24 நிமிடம். ஆகவே 16 கதூஸ் வடிந்தால் சரியாக 5 நாழிகை. தென் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் 'முறைப்பானை' என்ற பெயரில் துளையிட்ட பானையை வைத்து வயலுக்கு முறைநீர் விட்டதை மூத்தோர் அறிவர். கடல் கடந்த இரு மக்கள், ஒருவரையொருவர் அறியாமலே, ஒரே சிக்கலுக்கு ஒரே விடையைக் கண்டிருக்கிறார்கள்!

13-ஆம் நூற்றாண்டில் இவ்வூரில் பிறந்த இப்னு ஷப்பாத் என்னும் அறிஞர் இந்தப் பங்கீட்டை ஒழுங்குபடுத்தி எழுத்தில் அமைத்தார். கால்வாய் பிரியும் இடந்தோறும் பேரீச்ச மரத்தின் அடித்தண்டைக் குறுக்கே கிடத்தி, அதில் உரிய அளவுக்கு வெட்டுகள் வெட்டிவிடுவார்கள். எத்தனை வெட்டு, எவ்வளவு அகலம் என்பது பங்குக்கு ஏற்றபடி. நீர் தானே பிரிந்து செல்லும். வெள்ளம் கூடினாலும் குறைந்தாலும் விகிதம் மாறாது. கூடினால் அனைவருக்கும் கூடும். குறைந்தால் அனைவருக்கும் குறையும். வழிப்போக்கரும் அந்த வெட்டுகளை எண்ணிப் பார்த்துவிடலாம். கலயமும் மறைவில் இல்லை. இந்த ஏற்பாட்டின் வலிமையே அதில்தான் இருந்தது என்பது நம் அபிப்பிராயம். நீதி செய்யப்படுவது மட்டும் போதாது. அது கண்ணுக்கும் தெரிய வேண்டும்.

மூன்று அடுக்குத் தோட்டம்

சோலைக்குள் நுழைந்தால் வெப்பம் சட்டென்று தணிகின்றது. மேலே பேரீச்ச மரங்கள் குடை பிடிக்கின்றன. அவற்றின் நிழலில் மாதுளை, அத்தி, வாழை முதலிய பழமரங்கள். அவற்றுக்கும் கீழே காய்கறியும் கீரையும் கால்நடைத் தீவனமும். ஒரு முறை பாய்ச்சும் நீர் மூன்று அடுக்குக்கும் பயன்படுகின்றது.

பேரீச்ச மரத்தில் ஆண் வேறு, பெண் வேறு. இளவேனிற் காலத்தில் ஆண் மரத்துப் பூங்கதிரை எடுத்துக்கொண்டு, ஆட்கள் ஒவ்வொரு பெண் மரத்திலும் ஏறிக் கையால் மகரந்தம் சேர்க்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் அறுவடை. இங்கு விளையும் நூற்றுக்கு மேற்பட்ட வகைகளுள் 'தக்லத் நூர்' தலையாயது. பெயருக்கு ஒளிப் பழம் என்று பொருள். வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளிருக்கும் கொட்டை நிழலாகத் தெரிகின்றது. பேரீச்சையைப் போற்றும் அறிவும் வழக்கங்களும் 2019-இல் யுனெஸ்கோவின் மரபுரிமைப் பட்டியலில் ஏறின. அதில் பங்கு பெற்ற நாடுகளுள் துனீசியாவும் ஒன்று.

மரத்திலிருந்து 'லக்மி' என்னும் சாறும் இறக்குகிறார்கள். விடியற்காலையில் இனிப்பு, பொழுது ஏறினால் புளித்து மயக்கம் தரும். நம் பதநீரும் கள்ளும் நினைவுக்கு வரும். ஆனால் நாம் பாளையைச் சீவுகிறோம். அவர்கள் மரத்தின் தலையையே சீவுகிறார்கள். அதனால் மரம் பட்டுப் போவதும் உண்டு. ஆகையால் முதிர்ந்த மரங்களையே இதற்குத் தேர்ந்தெடுப்பர். உணவைப் பற்றிக் கவலை வேண்டா. ரொட்டி, ஒலிவ எண்ணெய், பூண்டும் கொத்தமல்லியும் சேர்த்து அரைத்த 'ஹரிஸா' என்னும் மிளகாய் விழுது ஆகியவை எங்கும் கிடைக்கும். ஹரிஸாவைத் தொட்டுக்கொண்ட தமிழர் எவரும் ஊர் நினைவு வராமல் எழுந்திருக்க மாட்டார்.

இவ்வூர் ஒரு பெருங்கவிஞரையும் ஈன்றது. 1909-இல் பிறந்து 1934-இல், தம் 25-ஆம் வயதில் மறைந்த அபுல் காசிம் ஷாபி அவர். அடிமைப்பட்ட நாட்டில் பாடிய அவருடைய அடிகள் இன்று துனீசிய நாட்டுப் பண்ணின் இறுதியில் ஒலிக்கின்றன. அவர் நினைவிடம் தோசரில் உள்ளது.

ஊற்று வற்றிய பின்

இவ்வளவு சிறப்பையும் சொல்லிவிட்டு, நேயர்களிடம் ஒன்றை மறைக்கலாகாது. அந்த 200 ஊற்றுகளும் இன்று இல்லை. 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆழ்துளைக் கிணறுகள் பெருகின. புதிய தோட்டங்கள் தோன்றின, விடுதிகளும் எழுந்தன. நீர்மட்டம் இறங்க இறங்க ஊற்றுகள் ஒவ்வொன்றாகக் கண் மூடின. நூற்றாண்டு முடிவதற்குள் தானே பொங்கிய நீர் நின்று போயிற்று. பள்ளத்தின் கரையில் நின்று பார்த்தோம். நீர் அரித்த தடம் இருக்கின்றது, நீர் இல்லை.

இன்று சோலைக்கு நீர் தருபவை ஆழ்துளைக் கிணறுகளே. சிலவற்றின் நீர் பூமியின் ஆழத்திலிருந்து சுடச்சுட வருவதால், குளிர்விக்கும் கோபுரங்களில் ஆற்றிய பிறகே பாய்ச்ச முடிகின்றது. அந்த நிலத்தடி நீர் துனீசியாவுக்கு மட்டும் உரியதன்று. அல்ஜீரியா, லிபியா, துனீசியா ஆகிய மூன்று நாடுகளின் கீழே 10 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பில் பரந்து கிடக்கின்றது. பெரும்பகுதி பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர்ப் பெய்த மழை. புதிதாக ஊறுவது ஆண்டுக்குச் சுமார் 100 கோடி கன மீட்டர். மூன்று நாடுகளும் எடுப்பதோ அதைப் போல் இரு மடங்குக்கும் மேல். முதலைக் கரைத்து உண்ணும் வணிகனின் நிலை இது.

சோலையில் சந்தித்த முதியவர் ஒருவரிடம், உடன் வந்த இளைஞர் மொழிபெயர்க்கப் பேசிக் கொண்டிருந்தோம். தம் தந்தை காலத்தைவிட இப்போது முறைநீர் வர அதிக நாள் ஆகின்றது என்றார். பிள்ளைகள் தலைநகரில் இருக்கிறார்கள். மரமேற ஆள் கிடைப்பதில்லை என்றார். அவரை மிகவும் வருத்தியது வேறொன்று. முன்பு பங்கைப் பற்றி ஐயம் எழுந்தால் வாய்க்காலருகே போய் நின்று பார்த்துக் கொள்வார்களாம். இப்போது நீர் குழாய்க்குள் வருகின்றது. எவருக்கு எவ்வளவு என்று நின்று பார்க்க இடமில்லையாம். கேட்ட நமக்கும் நெஞ்சு கனத்தது.

அவர் பேசியது தோசரைப் பற்றித்தான். ஆயினும் பிழைப்புக்காக ஊரை விட்டு வந்த நமக்கும் அது பொருந்தும். நம் ஊர்களில் ஏரிக்கும் கண்மாய்க்கும் மடை இருந்தது. மடைக்குக் கணக்கு இருந்தது. அந்தக் கணக்கை நெஞ்சில் வைத்திருந்த நீர்க்கட்டி இருந்தார். ஆழ்துளைக் கிணறு வந்தபின் அவற்றைக் கேட்பார் இல்லை. தோசரின் கணக்கை அல் பக்ரியும் இப்னு ஷப்பாத்தும் எழுதி வைத்தார்கள். அதனால் ஊற்று வற்றிய பின்னரும் அந்த அறிவு வற்றவில்லை. நம் ஊர்க் கணக்கை எழுதி வைத்தவர் எத்தனை பேர்?

அன்பர்கள் அடுத்த விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது, கோயிலுக்குப் போவதுபோல் ஏரிக்கரைக்கும் ஒரு முறை குழந்தைகளை அழைத்துச் செல்ல வேண்டுகிறோம். எத்தனை மடை, எந்த மடையில் யாருக்கு எத்தனை நாழிகை, கோடையில் முறை எப்படி என்று அங்குள்ள பெரியவர்களைக் கேளுங்கள். கேட்டதை ஒரு தாளில் குறித்து வாருங்கள். சொல்லத் தெரிந்தவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள்.