முறைநீர்: மாசாய் ஊரின் குழாய்வழிப் பாடம்

பொதுநீர் வழங்கல் என்பது தேக்குதல், தெளிவித்தல், பகிர்தல் என்னும் மூன்று தொழில்களின் கோவை. மழை பெய்யும் நாளுக்கும் நீர் வேண்டப்படும் நாளுக்கும் இடையே உள்ள இடைவெளியைத் தேக்குதல் நிரப்புகிறது. ஆற்றுநீருக்கும் குடிநீருக்கும் இடையே உள்ள வேற்றுமையைத் தெளிவித்தல் நீக்குகிறது. தொலைவையும் மேட்டையும் பகிர்தல் வெல்கிறது. மூன்றனுள் மூன்றாவதே அரியது என்பது என் துணிபு.

மலேசியாவின் ஜொகூர் பாருவுக்குக் கிழக்கே, பாசிர் கூடாங் துறைமுகத்துக்குச் செல்லும் வழியில் அமைந்த மாசாய்க்கு நீரூட்டும் தேக்கங்களுள் ஒன்று சுங்கை லாயாங். ஊர்ப்பெயரில் மாசு ஒலித்தாலும் குழாயில் அது வருவதில்லை; அதற்குக் காரணம் ஒழுங்குற அடுக்கிய சில படிநிலைகள். மூலநீரில் மிதக்கும் களிமண் துகள்கள் யாவும் ஒரே வகை மின்னேற்றம் உடையவை. ஆதலின் ஒன்றையொன்று விலக்கி, எத்தனை நாள் வைத்திருப்பினும் எளிதில் படியாமல் மிதக்கின்றன. படிகாரம் அம்மின்னேற்றத்தைத் தணிக்கத் துகள்கள் திரள்கின்றன. திரண்டவை எடைமிகுந்து அடியில் படிகின்றன. எஞ்சியவற்றை மணற்படுகை தடுத்துக்கொள்கிறது. இறுதியில் சேர்க்கும் குளோரினைப் பாசிகம் என வழங்கலாம். அதன் நிறம் பாசிநிறமே. நுண்ணுயிரைக் கொன்றபின் நீரில் சிறிது எஞ்சி நிற்கும் பாசிகம், வீட்டுக் குழாய்வரை காவலாக உடன்வருகிறது. நீரில் அம்மோனியா மிகுந்தால் அக்காவலனை அது வழியிலேயே விழுங்கிவிடும். 2019 ஏப்ரலில் ஜொகூர் ஆற்றில் அம்மோனியா மிகுந்தபோது, அவ்வாற்றுநீரைத் தெளிவிக்கும் நிலையங்கள் இயக்கத்தை நிறுத்த நேர்ந்தது இதனாலேயே.

இனிப் பகிர்தல். பத்து மீட்டர் உயர நீர்நிரல், ஏறத்தாழ ஒரு வளியழுத்தத்துக்கு நிகரான அழுத்தம் தரும். எக்கி நீரை மேட்டுத் தொட்டிக்கு ஏற்றுகிறது. அங்கிருந்து உயரமே அதை வீடுகளுக்கு இறக்குகிறது. அழுத்தம் குறைந்தால் மேட்டுவீடு வறளும். மிகுந்தால் குழாயின் வெடிப்புகள்வழி நீர் மண்ணில் ஒழுகும். ஒழுகியும் களவுபோயும் நீரளவியில் பதியாதும் கணக்கிலிருந்து நழுவும் நீரே வருவாயிலா நீர். மலேசியாவில் அது, வழங்கும் நீரில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். அதில் கசிவைக் கண்டறியும் வழி எளியது, அழகியதும் கூட. ஊரை அளவைப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் வாயிலிலும் ஓர் அளவி பொருத்தி, ஊருறங்கும் பின்னிரவில் அதை நோக்குவர். பெரும்பாலும் எவரும் நீர் பிடிக்காத அவ்வேளையிலும் ஓடும் நீரில் பெரும்பகுதி கசிவு.

2015 ஆகஸ்டில், ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை காணும் இம்மண்ணிலே, லாயாங், லெபாம் தேக்கங்கள் தாழ்ந்தன. மாசாய், பாசிர் கூடாங் வட்டாரத்தில் குறித்த நாளில் குறித்த பகுதிக்கென நீர் அளந்து விடப்பட்டது. இதை இங்கு நீர்ப்பங்கீடு என்பர். நான் முறைநீர் என்பேன். ஏரிப் பாசனத்தில் நீர்க்கட்டி என்னும் ஊர்ப்பணியாளர் மடைதிறந்து வயல்தோறும் விட்டது முறை வைத்த நீரே. அடுத்தடுத்து வரும் தவணைக்கும், மன்னன் வழங்கும் நீதிக்கும், ஒழுங்குக்கும் தமிழில் முறை என்ற ஒரே சொல் அமைந்திருப்பது தற்செயலன்று எனக் கருதுகிறேன்.

ஆயினும் வாய்க்கால் முறை வேறு, குழாய் முறை வேறு. நீர் வற்றிய வாய்க்கால் காத்திருக்கும். நீர் வற்றிய குழாயோ உறிஞ்சும். உள்ளழுத்தம் குன்றியதும் சுற்றியுள்ள மண்ணின் கழிவுநீர் வெடிப்புகள்வழி உட்புகக்கூடும். மீண்டும் திறக்கையில் அடைபட்ட காற்று நீரை மறிக்கும். விரைந்து திறந்தாலோ, நீரின் திடீர் மோதலான நீரறைவு குழாயையே பிளக்கக்கூடும். எனவே அடைப்பிதழை மெல்லத் திறந்து, காற்றை வெளியேற்றி, முதலில் வரும் கலங்கல்நீரைக் கழிக்க வேண்டும். அதற்குள் பள்ளத்து வீடுகளின் கூரைத்தொட்டிகள் நிரம்பிவிடும்; குழாய்க்கோடியின் மேட்டுவீட்டில் குழாய் இன்னும் காற்றையே ஊதிக்கொண்டிருக்கும். இருவர்க்கும் அட்டவணையில் ஒரே நேரம்தான் எழுதியிருக்கும். மடைதிறந்த நொடியிலிருந்து தவணையை எண்ணுவது அலுவலகக் கணக்கு. நீர்க்கட்டியின் கணக்கில் எண்ணத் தொடங்குவதாயின், அக்கோடிவீட்டுக் குழாயில் நீர் விழும் நொடியிலிருந்தே தொடங்க வேண்டும்.