ஆணியிற் கட்டி நடும் கடற்புல்

டென்மார்க்கின் வைலே குடாக்கடலுக்கு 2023 ஏப்ரலிற் சூழலியலாளர் தேவாலயத்தில் இறுதிச் சடங்கே நடத்தினர். வயல்களிலிருந்து வழிந்த நைதரசன் பாசியைப் பெருக்கியது, ஒளி மறைந்தது, ஒட்சிசன் குன்றியது, மீன்குஞ்சுகளின் தொட்டிலான கடற்புல் அழிந்தது.

ஆயினும் தென் டென்மார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அக்கடலைக் கைவிடவில்லை. புல்லின் தளிர்களை ஊர்மக்களும் சேர்ந்து ஆணிகளிற் கட்ட, சுழியோடிகள் அவற்றைக் கடலடியில் ஊன்றுகின்றனர். வேர் பிடிக்கும்வரை ஆணி தாங்கும். இம்முறையில் ஓர்சென்ஸ் குடாவில் 2017இல் நட்ட புல், 2 ஆண்டுகளில் ஏறத்தாழ 70 மடங்கு அடர்ந்தது.

ஆனால், வயலில் உரம் குறையாவிடின் நட்டதும் நிலைக்காது. யாழ்ப்பாணத்துக் கிணறுகளில் உரத்தின் நைத்திரேற்று கலந்ததை அறிந்த எமக்கு இப்பாடம் புதிதன்று. கடலைக் காக்கும் வேலை கரையிலேயே தொடங்குகிறது.