கொழுக்குமலையும் ஒரு துண்டுச் சீட்டும்

தேனி ஜில்லாவில் போடிநாயக்கனூரைக் கடந்து குரங்கணியில் இறங்கி அண்ணாந்து பார்க்கிறவர்களுக்கு, ஏழாயிரம் அடிக்கு மேல் பாறையும் புல்லுமாகச் செங்குத்தாக எழுந்து நிற்கும் கொழுக்குமலையில் அப்போதே ஏறிவிட வேண்டும் என்ற ஆசை பிறப்பது சகஜமே. ஆனால் தென்மேற்குப் பருவ மேகம் மூணாறுப் பக்கத்திலேயே தன் பாரத்தை இறக்கிவிட்டு ஏறக்குறைய வெறுங்கையோடு மலையைத் தாண்டுவதால், கிழக்குச் சரிவு மழை மறைவுப் பிரதேசமாகி, மாசி, பங்குனியில் அங்குள்ள புல்லெல்லாம் சருகாய் நிற்கிறது. அதில் ஒரு பொறி விழுந்தால், தீ தனக்கு மேலேயுள்ள புல்லை முன்னதாகவே காய்ச்சிக்கொண்டு, மனிதக் கால்களால் எட்ட முடியாத வேகத்தில் சரிவேறும். ஆகவே தீ கீழிருந்து வரும்போது உச்சியை நோக்கி ஓடுவது மரணத்தோடு பந்தயம் ஓடுவதாகும்; பக்கவாட்டில் விலகிப் புல்லற்ற வெறும் பாறையையோ, எரிந்து ஆறிய நிலத்தையோ அடைவதே உபாயம்.

2018 மார்ச் 11ஆம் தேதி அச்சரிவில் காட்டுத்தீயில் சிக்கிய மலையேற்றக் குழுவினரில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்கள் வாங்கிய அனுமதிச் சீட்டு டாப் ஸ்டேஷன் பாதைக்கு உரியது, கொழுக்குமலைக்கு அன்று என அப்போது செய்திகள் கூறின. சட்டைப்பையில் மடித்து வைத்து மறந்துவிடுகிற அந்தச் சீட்டின் பதிவுதான், நாம் எந்தப் பாதையில் இருக்கிறோம் என்பதற்கு மலையடிவாரத்தில் உள்ள ஒரே சாட்சி. பாதை மாறினால் தேடி வருபவர் வேறிடத்தில் தேடுவார். அவ்வாண்டே மலையேற்றத்துக்கெனத் தமிழக அரசு தனி விதிகள் வகுத்தது; 2024இல் வழிகாட்டிகளோடு 40 பாதைகளையும் திறந்தது. தீக்கு அஞ்சிக் கோடையில் பாதையை மூடினால் வனத்துறையை வைவது நம் வழக்கம். நானும் வைதிருக்கிறேன்.

இத்தகைய விபத்தில் காயம்பட்டவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோனால், போலீஸ் சம்பிரதாயங்கள் முடியட்டும் என்று எந்த மருத்துவரும், அரசாங்க மருத்துவரானாலும் தனியாரானாலும், அவசர சிகிச்சையைத் தாமதிக்கலாகாது என்பது உச்ச நீதிமன்றம் 1989இல் அளித்த தீர்ப்பு.

கட்டணம் வாங்கிக்கொண்டு அழைத்துச் செல்லும் ஏற்பாட்டாளர் நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டவர். "ஆபத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல" என்ற காகிதத்தில் கையெழுத்து வாங்கிவிட்டதாலேயே அவருடைய அலட்சியம் விசாரணைக்கு அப்பாற்பட்டதாகிவிடாது. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் ஆலோசனை கேட்கலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்கலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுக் கட்டணமே கிடையாது. பணம் கட்டிய ரசீதையும், வாட்ஸ்அப்பில் வந்த பிரயாணத் திட்டத்தையும் மட்டும் வீடு திரும்பிய களிப்பில் அழித்துவிடாதீர்கள்.